பெட்டிக்கு அடியில்

உலகம் தோன்றிய நாள்முதல் ரயில் பெட்டியின் அடியைக் குனிந்து பார்த்த மனிதன் ஒருவன்கூடக் கிடையாது என்று அக்காவிடம் ஆணித்தரமாக நிறுவிக்கொண்டிருக்கிறேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேசை விளக்கின் கீழே சாண் நீள மாதிரிப் பெட்டி ஒன்று மல்லாந்து கிடக்கிறது. பக்கத்தில் இரண்டு ஜோடி போகிகள், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள். ஒரு ஜோடியில் சக்கரத்துக்கு மேலே ஒரு சுருள்வில், மற்றதில் இரண்டு. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. போன வருடம் அவள் தப்பான ஜோடியை ஒட்டி, மாதிரி ரயில் சங்கத்தின் கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். சங்கத்துக்காரர்கள் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்று மாலை மறுபடி கண்காட்சி. பசை காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. நிஜப் பெட்டியின் மங்கலான புகைப்படத்தின் மேல் பூதக்கண்ணாடியை நகர்த்துகிறாள். “வில்லு ஒண்ணாடா, ரெண்டா?” “அக்கா, யாரு எண்ணப் போறா? எல்லாருக்குமா பைத்தியம்?” “எனக்கு மட்டும்தான். நீ போய் உன் வேலையப் பாரு.” பசைப் புட்டியைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடி திறக்கிறாள். நெடி மூக்கில் ஏறுகிறது. அவள் கையிலிருந்து பூதக்கண்ணாடியை வாங்கி, மேசையில் கன்னம் பதிய, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறேன். “விளக்கக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புக்கா. நிழல் விழுது.”