முதல் வரியில் ஒரு பெயர்

கரகண்டா நகரத்துக்குப் பக்கத்துச் சுரங்கத்தில், எங்கள் புரோகிராம் ஓட்டிய லிப்ட் நிற்காமல் இறங்கி மூன்று பேர் செத்தார்கள். மறுநாள் காலை மேலாளர் தொலேகன் என் மேஜைக்கு வந்தார்.

“கடைசியா யாரு கைவச்சதுன்னு லிப்ட் புரோகிராம் ஃபைலோட முதல் வரியில பேர் இருக்கே, தங்கச்சி. அதை அழிச்சுட்டா?”

“நான் தொட மாட்டேண்ணே.”

“நீ தொடவே வேணாம். கைக்குழந்தைய வீட்டுல வச்சுக்கிட்டு ஜெயிலுக்கா போறது?”

தன் கணினியிலேயே பெயரை அழித்துச் சர்வருக்கு அனுப்பினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு எனக்கும் பால் தேநீர் ஊற்றினார்.

மதியம் விசாரணை அதிகாரி அந்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

“தொலேகன். இன்னைக்குக் காலை ஒன்பது நாற்பது. ஆள் செத்த மறுநாள் இதுல எதைய்யா மாத்துனே?”

அந்த வரியை மனிதர்கள் எழுதுவதில்லை. யார் ஃபைலை மாற்றி அனுப்பினாலும் சர்வரே அவர் பெயரையும் நேரத்தையும் அதில் போட்டுவிடும். மேலாளருக்கு அது தெரியாது. எனக்குக் காலையிலேயே தெரியும்.

கைவிலங்கு பூட்டும்போது அவர் என்னைப் பார்த்தார். கடைசிவரை வாய் திறக்கவில்லை.

அவர் அழித்தது என் பெயரை.