நாற்காலியை விட்டு எழுந்த பிறகு

லேசர் கட்டர் வாங்க மனைவி சம்மதித்தது ஒரே நிபந்தனையின் பேரில்தான். மெஷின் ஓடி முடியும்வரை அவன் பக்கத்து நாற்காலியை விட்டு எழக் கூடாது. நாற்காலியையும் அவளே கொண்டுவந்து போட்டாள்.

அன்று மதியம் அவள் அலுவலகத்தில் இருந்தாள். பிளைவுட்டில் கடிகார முகப்பு வெட்டிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். மெஷின் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை என்று எழுந்து பால்கனிக்குப் போனான்.

"அது பாட்டுக்கு வெட்டும்டா. நாம காவல் காக்கணும்னு அவசியமே இல்ல."

"அண்ணி ஒண்ணும் சொல்லலையா?"

"அவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

கருகல் வாடை வந்ததும் உள்ளே ஓடினான். மெஷின் நிறுத்தப்பட்டிருந்தது. பாதி எரிந்த பலகை குளியலறை வாளித் தண்ணீரில் மிதந்தது. வாசற்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

பலகையைக் குப்பையில் போட்டான். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வீடு முழுக்க சென்ட் அடித்தான்.

"எந்த மகாராணி வந்துட்டுப் போனா, இவ்ளோ வாசனை?" என்று கேட்டபடி மாலையில் மனைவி வந்தாள். "மெஷின விட்டு எழுந்திரிக்கலையே?"

"அசையவே இல்ல."

"நல்ல பிள்ளை. இதுக்குக் கொஞ்சம் மருந்து போட்டு விடுங்க. மீட்டிங்ல உக்காந்திருந்தேன், திடீர்னு எரிஞ்சுது. எங்க சுட்டுச்சுன்னே தெரியல."

உள்ளங்கை கொப்பளித்திருந்தது. மருந்தை எடுத்துவந்து அவள் கையைப் பிடித்தான். தலை நிமிராமல், அவள் நக இடுக்கில் இருந்த மரக்கரியை அவள் பார்ப்பதற்குள் துடைத்தான்.