பின்வாங்கும் பேருந்து

எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுகிறவள், காலை வேலைக்குப் போகும் வழியில், பாலத்தின் மேல் ஸ்கூட்டரை நிறுத்திச் சாவியை உருவிக்கொள்கிறாள். நெரிசலைத் தாண்டிவிடலாமென்று எதிர்ப்பக்கம் ஏறி வந்த பேருந்து அவள் முகத்துக்கு ஒரு முழத்தில் உறுமுகிறது. ஹாரன் காதைக் கிழிக்கிறது. இன்ஜின் சூட்டில் துப்பட்டா படபடக்கிறது. “ஏம்மா, சாகணும்னு ஆசையா? ஓரமாப் போ!” ஓட்டுநர் தலையை நீட்டிக் கத்துகிறார். “நான் என் பக்கத்துலதான் நிக்கிறேண்ணே. ராங் சைடுல வந்தது நீங்க.” “கொஞ்சம் ஒதுங்கினா குறைஞ்சா போயிடுவே?” “நேத்து மட்டும் பதினோரு காலுக்குக் கட்டுப் போட்டேன். எல்லாம் ஒதுங்கிப் போனவங்க கால்தான்.” ஜன்னல்களில் எட்டிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்த பயணிகள் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற ஆட்டோக்காரரும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறார். பேருந்தின் கண்ணாடியில் பட்ட வெயில் கண்ணைக் கூசச் செய்தாலும் அவள் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் நடத்துநர் பின்படியில் இறங்கி விசிலை வாயில் வைக்கிறார். பேருந்து அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்கிறது. அது விட்ட ஒவ்வொரு அங்குலத்தையும், ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே, அவள் பிடிக்கிறாள்.