ஆட்சேபம் சொல்லப் போனவர்

“பெத்த பொண்ணோட கல்யாணம்டா. இதைவிட மெதுவா ஓட்டத் தெரியாதா உனக்கு?”

காண்ட்ராக்டர் புது கோட்டுக்குள் விறைப்பாக முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்நிய தேசத்து அகலச் சாலையில் லாரிகள்கூடத் தாண்டிப் போக, அவர்களுடைய வாடகைக் கார் மட்டும் நிறைமாதக்காரி மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

ஓட்டியவர் மருந்துக்கடைக்காரர். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி, கடை போட்ட நாளிலிருந்து பட்டப்பெயர் மாத்திரை. இந்த ஊர்ச் சாலைகளில் ஓட்டிப் பழகியவர் அவர் ஒருவர்தான். பின் சீட்டில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஸ்டாம்பு, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

“வேகமாப் போனா இங்க படம் பிடிச்சு அபராதம் போட்டுருவாங்கடா,” என்றார் மாத்திரை.

“உன் மூஞ்சியைப் படம் பிடிச்சா கேமராதான் கெட்டுப்போகும். மிதி.”

காண்ட்ராக்டரின் அவசரம் வாழ்த்துச் சொல்வதற்கல்ல, கல்யாணத்தை நிறுத்துவதற்கு. இந்த நாட்டில் வேலை பார்க்கும் அவருடைய ஒரே மகள், வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கல்யாணம் என்று போனில் சொல்லியிருந்தாள். பதிவாளர் ஜோடியை நிற்க வைத்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஒரே ஒரு தடவை கேட்பாராம். அந்த நேரத்தில் எழுந்து நின்று ‘எனக்கு உண்டு’ என்று சொல்ல வேண்டும். அதை இந்த ஊர் பாஷையில் விமானம் முழுக்க மனப்பாடம் செய்தபடி வந்திருந்தார்.

மனைவியிடம், கூட்டாளிகளோடு ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். அவளும் ஒரு கேள்வி கேட்காமல் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

“பையன் யாருன்னாவது கேட்டியா?” என்றார் ஸ்டாம்பு.

“எதுக்குக் கேக்கணும்? ‘பையன் யாருன்னாப்பா’ன்னு ஆரம்பிச்சா. பட்டுனு போனை வெச்சுட்டேன். அவ அம்மாவும் வாயெடுத்தா. அந்தப் பேரு என் காதுல விழக் கூடாதுன்னுட்டேன். எவனோ ஒரு வெட்டிப்பய.”

“நல்லவனா இருந்தா?”

“நல்லவனுக்கு எதுக்குடா திருட்டுக் கல்யாணம்? அவனைக்கூட விட்டுரலாம். அவனைப் பெத்து வளத்தான் பாரு ஒருத்தன், அவன் மட்டும் கையில கிடைக்கட்டும். செவுளு பிஞ்சிடும்.”

மாத்திரை சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

காண்ட்ராக்டர் அவர் பக்கம் திரும்பினார். “இந்தக் காலத்துப் பசங்கள்ல உன் பையன் ஒருத்தன்தாண்டா தேவலை. இங்கதானே எங்கயோ ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துக்கிட்டிருக்கான்? ஆளே எக்ஸ்ரே மாதிரிதான் இருப்பான், எவ திரும்பிப் பார்ப்பா? உனக்கு இந்தத் தலைவலியே வராது.”

மாத்திரை சிரித்தார். சிரித்த சிரிப்பில், திரும்ப வேண்டிய பிரிவைக் கோட்டைவிட்டு நேரே போய்விட்டார்.

மறுபடி திரும்புவதற்கு ஒரு பாலம் வர வெகு தூரமானது. அதற்குள் காண்ட்ராக்டர் கூட்டாளிகள் இரண்டு பேருடைய படிப்பு, பார்வை, பரம்பரை எல்லாவற்றையும் அலசித் துவைத்துக் காயப்போட்டிருந்தார். பிறகு ஸ்டாம்புவுக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு காபி குடிக்காமல் மாத்திரைக்குக் கண் சொருகியது. கடைசியாக பெட்ரோல் போட வேண்டுமென்று வண்டியை ஓரங்கட்டினார்கள்.

காண்ட்ராக்டர் தற்செயலாக பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். டாங்க் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

“டேய்,” என்றார் மெதுவாக. “வேணும்னே பண்றீங்களா?”

மாத்திரை காரின் முன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஸ்டாம்புதான் வாயைத் திறந்தார்.

“ஆமாடா. உன் பொண்ணு எனக்கு போன் பண்ணி அழுதா. ‘அப்பா இல்லாம என்ன கல்யாணம் மாமா, எப்படியாவது கூட்டிட்டு வாங்க. ஆனா அந்தக் கேள்வி கேக்கிற நேரத்துக்கு மட்டும் வந்துராம பாத்துக்குங்க’ன்னா.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பாங்க.”

காண்ட்ராக்டர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“கூட இருந்தே குழி பறிச்சிட்டீங்களேடா. ஸ்டாம்பு ஒரு வாயில்லாப் பூச்சி, அவனை விடு. மாத்திரை, நீயுமாடா? ஊருக்குப் போனதும் உன் கடை வாசப்படி மிதிக்க மாட்டேன். இன்னையோட உனக்கும் எனக்கும் எந்த உறவும் இல்ல.”

“சரி,” என்றார் மாத்திரை.

அதற்குப் பிறகு அவர் ஓட்டிய ஓட்டத்தில் லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. அபராதத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பதிவு அலுவலகம் செங்கல் நிறக் கட்டடம். வாசல் படிக்கட்டில் மகள் பூங்கொத்தோடு நின்றிருந்தாள். காரைப் பார்த்ததும் ஓரடி முன்னால் வந்து, பயந்து நின்றுவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துத் தொலைக்கக் கூடாதென்று, காண்ட்ராக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நான் இறங்க மாட்டேன். போய்ச் சொல்லு.”

மாத்திரை இறங்கினார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, காரைச் சுற்றி வந்து முன் கதவைத் திறந்தார். என்றைக்கும் இல்லாத வழக்கமாக அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

“செவுள்ல அப்புறமா அடிக்கலாம். இறங்குங்க, சம்பந்தி.”