வலது இருக்கையில் ஈரம்

"ஒழுகுது" என்றார் உள்ளே இருந்து.

ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் விமானத்தின் கதவைத் திறந்தேன். என் கணவர் எனக்குரிய இடது இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வலது இருக்கையின் ஓரத்தைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

இது ஐந்தாவது முறை.

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் ஒழுகல் பார்ப்பதுதான் அவருடைய வேலை. புது பஸ் எதுவாக இருந்தாலும், இவர் உள்ளே உட்கார்ந்து, மேலே தண்ணீர் அடிக்கச் சொல்லி, ஒரு சொட்டுகூட வரவில்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் பட்டறையை விட்டு வெளியே போகும். இருபத்தைந்து வருடமாக அந்தக் கையெழுத்தை நம்பி ஊரே நனையாமல் போய்வருகிறது.

நான் கணக்கு டீச்சர். நாற்பத்து மூன்றாவது வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொந்தபந்தமெல்லாம் சொன்னபோது, ஆசைப்படுகிறாள், ஓட்டட்டுமே என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அதற்காகவே இவரை இன்னொரு முறை கட்டிக்கொள்ளலாம்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும், நாலு பேராகச் சேர்ந்து இந்தப் பழைய விமானத்தை வாங்கினோம். இரண்டே இருக்கை. என் பக்கத்தில் முதலில் உட்காரப்போவது நீங்கள்தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

"வர்றேன். முதல்ல ஒழுகலை நிறுத்து. தண்ணி ஒழுகுற வண்டியில நான் கால் வைக்க மாட்டேன்."

அப்போது ஒழுகத்தான் செய்தது. கதவு ரப்பர் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய பசையைச் சுரண்டி, புது ரப்பரை அங்குலம் அங்குலமாக அழுத்தி ஒட்டினார். அளவு ஒரு நூல் தப்பினாலும் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினார். எனக்கு வராத பொறுமை அது.

அடுத்தது காற்று. கதவு ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன நூல்களைத் தொங்கவிட்டார். இவர் தள்ளி நின்றுகொள்ள, நான் உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓட்டினேன். வெளியே புழுதி பறந்தது. உள்ளே ஒரு நூலும் அசையவில்லை.

மிச்சம் இருந்தது, அதற்குப் பிறகும் ஐந்து முறை வலது இருக்கையில் வந்த இந்த ஈரம் மட்டும்.

ஏழு மாதமாக அந்த இருக்கையில் யாரையும் நான் ஏற்றவில்லை. சக டீச்சர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். அடுத்த வாரம் மழைக்காலம் தொடங்கினால் பிறகு மூன்று மாதம் பறக்க முடியாது. இன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் இறங்கி, பைப்பைச் சுருட்டப் போனார். கால்சட்டைப் பை நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. துடைக்கிற துணியை எப்போதும் அதில்தான் திணித்து வைப்பார்.

நான் குனிந்து கதவு ஓரத்தைப் பார்த்தேன்.

தண்ணீர் அடிப்பதற்கு முன்னால், கூரை விளிம்பிலிருந்து இருக்கை வரைக்கும் முகப் பவுடரைத் தூவிவைப்பது அவர் வழக்கம். உள்ளே வருகிற தண்ணீர் பவுடரில் தடம் விட்டுப் போகும். தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஓட்டை அகப்பட்டுவிடும். தண்ணீர் என்றைக்கும் நேராக நடக்காது, வளைந்து நெளிந்து கிளை விட்டுத்தான் இறங்கும் என்று சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இன்றைக்கும் தூவியிருந்தார். வாய் பொய் சொல்லிவிட்டது, பழகிய கைக்குத்தான் ஒரு வேலையை விட்டுவிடத் தெரியவில்லை.

பவுடர் மேலிருந்து கீழ்வரை கலையாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஈரம் இருக்கையில் மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டில் ஏணியில் ஏறி பல்பு மாற்றுவது நான். மொட்டை மாடியில் துணி காயப்போடுவது நான். இருபது வருடமாக அவர் உயரத்தில் ஏறாததைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து, அந்த மனிதரை எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஐந்து முறை திருட்டுத்தனமாகத் துணியைப் பிழிந்தவரை நினைத்தால் பாவமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

சுண்டுவிரலை ஈரத்தில் தொட்டு, கூரை விளிம்பிலிருந்து இருக்கை வரைக்கும் பவுடரில் ஒரு கோடு இழுத்தேன்.

"ஏங்க, நீங்க சொன்னது சரிதான். மேல் மூலையில இருந்து இறங்குது, பாருங்க. இந்த வருஷம் வேணாம். மழையெல்லாம் முடியட்டும், நிதானமா பாத்துக்கலாம்."

வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

கோட்டை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். பஸ்ஸில்கூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

அப்போதுதான் நானும் அதைச் சரியாகக் கவனித்தேன். அடிஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. கணக்கு டீச்சர் கை.

நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார். பையிலிருந்து துணியை எடுத்தார். கோட்டைத் துடைத்தார், பவுடரைத் துடைத்தார், இருக்கையின் ஈரத்தை ஒற்றி எடுத்தார். பிறகு மெல்ல ஏறி, வலது இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடினார்.

"கதவை நீயே சாத்திடு" என்றார். "நான் கண்ணை மூடிக்கிறேன்."