கீழ்மூலைச் செய்தி

பதினொன்று.

அந்த எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. பந்துக்குப் பந்து பத்துக் கட்டைகளையும் சாய்த்துக்கொண்டு போகிறவரிடம் பேசக் கூடாது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழக் கூடாது. ஈப்போவின் போலிங் கூடங்களில், நல்ல நேரம் பார்க்காதவர்கள்கூட இதை மட்டும் மீறமாட்டார்கள்.

பக்கத்துத் தடங்களில் ஆட்டம் தானாகவே நின்றிருந்தது. ஒருவர் பால் சேர்க்காத தே ஓ தேநீர்க் குவளையை மேசைக்கும் வாய்க்கும் நடுவில் பிடித்தபடி வெகு நேரமாக இருந்தார்.

செய்தியாளனான அவன், வீசுகிறவர் கால் தாண்டக் கூடாத கோட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கேமராவைத் தாழ்வாகப் பிடித்திருந்தான்.

ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் வருகிறான். தமிழ்த் தினசரியின் பேராக் மாநிலப் பக்கத்தில், கீழ்மூலையில், மூன்று வரி எழுதுகிறான். தொழிற்சாலை லீக்கில் யார், எந்த அணி, எத்தனை புள்ளி. கடைசியாக வந்தவரின் பெயரையும் விட்டதில்லை. கால்பந்துக்கு அரைப் பக்கம் அள்ளிக் கொடுக்கிறவர்கள் இந்த மூன்று வரிக்கு மூக்கால் அழுவார்கள்.

போன வாரம் ஆசிரியர் குணாளன் அதையும் நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டார். போலிங்கை எவன் படிக்கிறான் என்று கேட்டார்.

படிக்கிறவர்களை அவனுக்குத் தெரியும். தவமணி அக்கா தன் பெயர் வந்த துண்டுகளையெல்லாம் கையுறைத் தொழிற்சாலையில் தன் லாக்கர் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். புள்ளி குறைந்த வாரத்தையும் சேர்த்துத்தான்.

இப்போது பந்தைத் துடைத்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். ஐம்பத்து நான்கு வயது. வலது முட்டியில் பட்டை.

தொடர்ந்து பதினொரு முறை பத்தும் விழுந்தாயிற்று, இன்னும் ஒரே ஒரு பந்து. பத்தும் விழுந்தால் முந்நூறு. அதற்கு மேல் இந்த விளையாட்டில் எண்ணே கிடையாது.

பதினோராவது முறை விழுந்த உடனே ஆசிரியருக்குப் போனில் சொல்லிவிட்டான். அவரும் பக்கத்தின் உச்சியைக் காலி செய்துவிட்டு, ஐந்தரைக்குள் படம் வேண்டும் என்றார். முந்நூறு வந்தால் மூலையும் பிழைத்துக்கொள்ளும் என்றார். அவன் செய்தியையே எழுதி முடித்திருந்தான். பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் வைத்தாயிற்று.

அக்கா நடந்தார். நான்கு அடி.

பந்து போனது.

பத்தும் விழுந்தன.

கூடமே எழுந்து நின்றது. தே ஓ கவிழ்ந்தது. அக்காவின் அணிக்காரர்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அவன் கேமராத் திரையைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் எடுத்ததிலேயே நல்ல படம். வீசி முடித்த கை, சற்றே திறந்த வாய், பந்தோடு போகிற கண். கீழே இடது கால். அதன் நுனி கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இரண்டு விரல் அளவு.

கால் தாண்டினால் அந்தப் பந்துக்குப் புள்ளி இல்லை. தாண்டியதைக் காட்ட ஒரு சிவப்பு விளக்கு உண்டு. தீபாவளியிலிருந்தே அது எரிவதில்லை.

வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. எல்லார் கண்ணும் கட்டைகள் மேல் இருந்தது.

படத்தின் அடியில் கொஞ்சம் வெட்டினால் போதும். வெட்டினான். தனக்காக இல்லை, அக்காவுக்காக என்று சொல்லிக்கொண்டான். அப்படித்தான் எல்லாரும் சொல்லிக்கொள்கிறோம்.

நிமிர்ந்தபோது அக்கா கூட்டத்தில் இல்லை.

முகப்பு மேசையில், லீக் செயலாளருக்கு முன்னால் போய் நின்றிருந்தார். செயலாளர் தலையாட்டி மறுத்தார். விளக்கு எரியவில்லை, யாரும் ஆட்சேபிக்கவில்லை, பேசாமல் போங்கள் என்றார். அக்கா போகவில்லை. இடது காலை முன்னால் வைத்து, எவ்வளவு தாண்டியது என்று விரலால் அளந்து காட்டினார்.

புள்ளிப் பலகையில் எண் மாறியது.

290.

அக்கா நேராக அவனிடம் வந்தார்.

“முந்நூறுன்னு போட்டுறாதீங்க தம்பி. கால் தாண்டிருச்சி. எனக்குத் தெரியும் லா.”

அவ்வளவுதான். காலணிக் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்துவிட்டார். முடிச்சு லேசில் அவிழவில்லை.

அவனுக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருடம் இவருடைய புள்ளிகளை எழுதியிருக்கிறான், இவர் யாரென்று இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

வெட்டிய படத்தை அழித்தான். முழுப் படத்தையும் அனுப்பிவிட்டு ஆசிரியரை அழைத்தான்.

இருநூற்றுத் தொண்ணூறு என்றதும் அவருக்குச் சுருதி இறங்கிவிட்டது. படத்துக்கு இடமில்லை, உச்சியில் கால்பந்தே இருக்கட்டும் என்றார். பழையபடி மூலையில் மூன்று வரி, அதுவும் இதுதான் கடைசி, சொல்லு, அடிக்கிறேன் என்றார்.

அவன் நிதானமாகச் சொன்னான்.

“கையுறைத் தொழிற்சாலை அணியின் தவமணி பன்னிரண்டு முறையும் பத்துக் கட்டைகளைச் சாய்த்தார். கடைசிப் பந்தில் கால் கோட்டைத் தாண்டியதைத் தாமே போய்ச் சொல்லி, 290 புள்ளிகள் பெற்றார். அதைப் பார்த்த இன்னொருவர் வாய் திறக்கவில்லை.”

மறுமுனையில் தட்டச்சு நின்றது.

“யாருய்யா அந்த இன்னொருத்தர்? பேரு இல்லாம எப்படிப் போடறது?”

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். அவர் தலை மறையும் வரை பார்த்தான்.

பிறகு தன் பெயரைச் சொன்னான். தகப்பன் பெயரோடு, முழுதாக.

போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது.