சந்தின் நடுவை விட்டு நடப்பவர்கள்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும்.

செமாராங் நகரத்தில் கடலோரச் சந்து அது. கடல் ஏற ஏறத் தெருவில் மண்ணைக் கொட்டி, சிமெண்ட் பூசி உயர்த்துவார்கள். வீடுகள் மட்டும் பள்ளத்திலேயே நிற்கும். தெருவுக்கு நீண்ட கூரை விளிம்பு தலையில் இடிக்காமலிருக்க எல்லோரும் குனிந்துதான் நடப்பார்கள். அந்தியிலோ சுவரோடு ஒட்டி நடப்பார்கள். செத்துப்போன கஸ்னாதி அப்போது நடுவில் வருவார். அவர் இன்னும் அடியில் புதைந்த பழைய தெருவிலேயே நடப்பதால் நரைத்த தலை மட்டும்தான் மேலே தெரியும்.

மறுபடி மண் லாரி வந்ததும் அவர் மனைவி தர்சினா, சந்துத் தலைவர் வாகிமானிடம் ஓடினாள்.

“இன்னும் ஒரு சாண் ஏத்தினா அவரு முகமே மறஞ்சிடும் தம்பி.”

“கடல்கிட்ட நான் என்னன்னு சொல்றது? அவரைக் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கச் சொல்லுங்க அக்கா.”

“உசுரோட இருந்தப்பவே நான் சொல்லி அவரு கேட்டதில்ல.”

தெரு உயர்ந்தது. சிமெண்ட் காய்ந்த அன்று அந்தியில் தர்சினா வாசலில் காத்திருந்தாள். தரையை ஒட்டி ஒரு கறுப்புத் தொப்பி மெதுவாக நகர்ந்து வந்து, அவள் வீட்டுக்கு நேரே நின்றது.

“பாத்தீங்களா அக்கா, நிமிர்ந்துட்டாரு!” என்றார் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நின்ற வாகிமான்.

தர்சினா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

கஸ்னாதி ஆயுளில் தொப்பி போட்டதே கிடையாது.